ஸ்டிக்கருக்குப் பின்னால் நாற்பத்தேழு நிமிடம்

1

நாளையோடு நான் இங்கே வந்து நான்கு ஆண்டுகள். காலண்டர் சொல்லவில்லை, கணினி சொன்னது. வேலை விசாவில் இருப்பவள் ஆண்டுக்கு ஒருமுறை இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி, இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகம் என் முகம்தான், வாடகை வீடு வாடகை வீடுதான், மலேசியாவில் பினாங்குக்குப் பக்கத்தில் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவள் அங்கேதான் பிறந்தாள். எல்லாவற்றுக்கும் தாள் இருக்கிறது. கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், உறவு.

மூன்று ஆண்டுகளும் எங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்த ஒருவர் பெயரைப் போட்டுவந்தேன். அவர் வேலையை விட்டு ஹைதராபாத் போய்விட்டார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் நான் குடியிருக்கும் மாடியின் சொந்தக்காரர் பெயர் ஏற்கெனவே இன்னொரு கட்டத்தில் இருக்கிறது, அதே பெயரை மறுபடி போட்டால் படிவம் சிவப்பாகிறது. மூன்று நாளாக அந்தக் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைகிறது. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதை மலேசியாவில் இருந்து படிக்கிறவர்கள் கேட்கலாம்: வீடியோ சேனல் வைத்திருக்கிறாயே, ஆயிரக்கணக்கில் ஆட்கள் கேட்கிறார்களே, ஒரு பெயர் கிடைக்கவில்லையா என்று. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகவரியும் எனக்குத் தெரியாது.

எழுத ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. தேவகி. எட்டு மாதமாக நாங்கள் பேசவில்லை. அதற்குக் காரணம் நான்.

2

ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கார்களுக்குள் நரம்பு மாதிரி ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்யும் ஆலை எங்களுடையது. பினாங்குப் பக்கம் பிறை ஆலையில் இருபது ஆண்டு அந்த வேலை பார்த்தவள் என்பதால், இருங்காட்டுக்கோட்டையில் சோதனை மேசைப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். எந்த முனை கழன்றிருக்கிறது, எந்த நிறம் இடம் மாறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே பிடிக்கும் வேலை. "கை அவசரப்படலாம், கண் அவசரப்படக் கூடாது" என்று எல்லா வகுப்பிலும் சொல்வேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைப் பார்த்துச் சிரிக்க உதவும்.

ஆறு மாதம் ஓராண்டாகி, ஓராண்டு இரண்டானது. திரும்பிப் போகவும் பெரிய அவசரம் இல்லை. என் மகள் யாழினியின் அப்பா வேறு வீட்டில் வேறு வாழ்க்கையில் இருக்கிறார். யாழினி கோலாலம்பூரில் கல்லூரி விடுதியில். அவளுக்குப் பத்தொன்பது. நான் ஒரு பத்தி எழுதி அனுப்பினால் அவள் ஒரு கட்டைவிரலை அனுப்புவாள். பேசினால் பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுவில் எனக்காக உப்பு தூவியது போல் நாலு தமிழ்.

இங்கே தமிழுக்குப் பஞ்சமே இல்லை. அதுதான் விசித்திரம். போர்டில் தமிழ், பஸ்ஸில் தமிழ், சண்டையில் தமிழ். ஆனால் நான் வாயைத் திறந்தால் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். முதல் வாரம் காலை வகுப்பில் "பசியாறியாச்சா" என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்பதற்கு நம் பக்கத்தில் காலையில் வேறென்ன கேட்போம். பன்னிரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யாருக்கோ பசி என்று நினைத்து ஒருத்தி பிஸ்கட்டை நீட்டினாள். வாங்கித் தின்றேன். அதற்குப் பிறகு பல நாள் கேட்கவில்லை.

பேச ஆளில்லாதவள் என்ன செய்வாள். போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டி அதனிடம் பேச ஆரம்பித்தேன். சேனலுக்குப் 'பசியாறியாச்சா' என்று பெயர் வைத்தேன்.

3

முதல் பதினொரு வீடியோக்களைப் பார்த்தவர்கள் பெயரைத் தனித்தனியாகச் சொல்ல முடியும். ஒரகடத்தில் எந்த ஓட்டலில் சாம்பார் இனிக்காது. அறை தேடும்போது தண்ணீர் எப்போது வரும் என்று ஏன் முதலில் கேட்க வேண்டும். எந்த நிறக் கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு. புதிதாய் வருபவர்களுக்கு உதவும் என்று நினைத்தேன். புதிதாய் வருபவர்களுக்கு அவர்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், என் வீடியோ எதற்கு.

பயிற்சிப் பெண்களில் ஒருத்தி அறிவுரை சொன்னாள்: "மேடம், வீடியோக்கு மேல ஒரு போட்டோ வருது பாருங்க, அதுல வாயப் பொளந்துக்கினு நிக்கணும். அப்பதான் உள்ள வருவாங்க." ஒரு ஞாயிறு முழுக்கக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து பார்த்தேன். பல் டாக்டரிடம் போனவள் போல் இருந்தேன்.

வீடியோவை எடுத்ததும் திருப்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் ஏற்ற மாட்டேன் என்று தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஏற்றிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விடுவேன். கூச்சம் இருப்பவர்களுக்கு இது ஒரு வழி. நல்ல வழி என்று சொல்லவில்லை.

4

தேவகி எங்கள் வாசலில் பெண்களைச் சோதிக்கும் செக்யூரிட்டி. பென்னலூர்க்காரி, நாற்பத்தொரு வயது, என்னைவிட ஆறு வயது இளையவள். வேலை தருவது ஒரு ஏஜென்சி, நிற்பது எங்கள் வாசல். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை பச்சைத் துணி தொங்கும் தகரக் கூண்டுக்குள் நின்றுகொண்டே இருப்பாள். உள்ளே போகும் ஒவ்வொரு போனின் கேமராக் கண்ணிலும் ஒரு சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஆலைக்குள் யாரும் எதையும் படம் பிடிக்கக் கூடாது. வெளியே வரும்போது நகத்தால் பிய்த்து எடுத்து, பதிவேட்டில் ஒரு கோடு போட்டு அனுப்புவாள். பிய்த்த ஸ்டிக்கரைக் கீழே போட மாட்டாள். கூண்டின் தகரச் சுவரில் வரிசையாக ஒட்டி வைப்பாள். அம்மை போட்ட மாதிரி சுவர் சிவந்து கிடக்கும்.

இந்த நாட்டில் தினமும் இரண்டு முறை என்னைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான். தோள், இடுப்பு, கணுக்கால். சோதனைதான். ஆனாலும் தொடுதல்.

"இன்னாக்கா, இன்னிக்கு இன்னா படம்?" என்பாள்.

"எந்தக் கடையில நல்ல மீன் கிடைக்கும்னு."

"அத்த நீ சொல்லப் போறியா? மீனு எங்க கிடைக்கும்னு மலேசியாவுல இருந்து வந்து பென்னலூர்க்காரனுக்குச் சொல்றே. துட்டு எதுனா வருதா?"

"வராது. இந்த விசாவில வேற சம்பாத்தியம் கூடாது."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

போனை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். பின்னால் வரிசை நிற்கும்.

5

கார்த்திகையில் ஒரு மாலை நல்ல மழை. பஸ் இன்னும் வரவில்லை, பெண்கள் உள்ளே ஆலை ஷெட்டிலேயே நின்றுவிட்டார்கள், கூண்டுக்குள் நானும் அவளும் மட்டும். தகரத்தில் மழை விழும் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. இதிலிருந்தே வீடியோவைத் தொடங்கலாம் என்று பைக்குள் கையை விட்டு ரெக்கார்டை அழுத்திவிட்டேன். ஆலையின் எல்லைக் கோட்டுக்குள் அது கூடாது. தெரியும். படம் எடுக்கவில்லையே, மழைதானே என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

தேவகி கால் மாற்றி நின்றாள். "ஸ்டூல எங்கே காணோம்?" என்றேன்.

"ஆடிட்டுக்கு வந்தவன் தூக்கிக்கினு போயிட்டான். ஒக்காந்தா தூங்கிடுவோமாம். அவன் பன்னெண்டு மணிநேரம் நின்னு காட்டட்டும், நான் அவனுக்கு மாலை போடறேன்."

"சொல்லிப் பார்த்தியா?"

"யாராண்ட சொல்றது? உன் சேனல்லயா?" சிரித்தாள். பிறகு அவளாகவே பேசினாள். "இந்தக் கை இருக்குதே, இதுக்கு எல்லாம் தெரியும்கா. பையில இன்னா கீதுன்னு பாக்கச் சொல்றாங்க. ஆனா இடுப்புல கை வச்சாலே எந்தப் பொண்ணு காலைல சாப்டலன்னு தெரிஞ்சிடும். விலா எலும்பு வந்து கையில நிக்கும். அத்த ரெஜிஸ்டர்ல எந்தக் கட்டத்துல எழுதறது?"

"பசியாறியாச்சான்னு கேளு."

"உங்க ஊரு பாஷைல கேட்டா எவ பதில் சொல்லுவா? பசிக்குதான்னுதான் நெனச்சிக்குவா." நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பஸ் வந்துவிட்டது. ஓடினேன். என் போனிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்க்க அவளும் மறந்தாள், நானும் மறந்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமலே போனைக் கண்ணாடியில் சாய்த்துப் பிடித்தேன். பத்து நிமிடத் தூரத்தை எங்கள் பஸ் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஆளை இறக்கி இறக்கிப் பென்னலூர் வருவதற்குள் இருட்டிவிடும். வழியெல்லாம் பேசினேன். இதோ பாருங்கள், மேம்பாலத்துக்கடியில் நாலு பேர் ஒரு தார்ப்பாய்க்குள். இதோ ஏரி, மழையில் அதன் கரை எங்கே என்று தெரியவில்லை. இதோ மாடியில் நனையும் சீருடைகள், ஒரே நீலம், காய்ந்தாலும் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள். பிறையில் கிலாங் பஸ்ஸில், ஆலை பஸ்ஸுக்கு அங்கே அதுதான் பெயர், நானும் இப்படித்தான் இரவு ஷிப்டு முடிந்து வருவேன், வீட்டில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பியிருக்கும், அவள் எழுந்த முகத்தை வாரக்கணக்கில் பார்த்ததில்லை. இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. ஜன்னல் காட்டுகிறது, நான் வெறுமனே கூடப் பேசுகிறேன் என்று நினைத்துப் பேசிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏற்றினேன். கவிழ்த்து வைத்தேன். அரிசி களைந்தேன்.

6

காலையில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது.

'அக்கா படமே வரல, ஆனா முழுசா கேட்டேன்.' 'ரூம்ல ஆறு பேரும் லைட்ட அணச்சிட்டுக் கேட்டோம்.' 'நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல கண்ண மூடிக்கிட்டு கேக்குறேன்க்கா, நல்லாருக்கு.' 'அந்த செக்யூரிட்டி அக்கா யாரு? எங்க கம்பெனியிலயும் ஸ்டூல எடுத்துட்டாங்க.'

அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தேழு நிமிடம் வெறும் இருட்டு. கண்ணால் சோதிக்கக் கற்றுக்கொடுப்பவள், கண்ணில் ஸ்டிக்கர் இருப்பதைப் பார்க்கவில்லை.

அதே நிமிடம் வீடியோவைச் சேனலிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அவளைக் கேட்காமல் அவள் குரலை ஊருக்குப் போட்டுவிட்டேன் என்று அந்த நிமிடமே தெரியும். எடுக்கவில்லை. மறுநாள் எண்ணிக்கை இரட்டிப்பானது. தூத்துக்குடிப் பையன் ஒருவன் 'ஏரியைப் பற்றி இன்னொரு தடவை சொல்லுங்கக்கா' என்று எழுதினான். பிறகு யாழினி. கட்டைவிரல் இல்லை, குரல் செய்தி:

"அம்மா, நீங்க அந்த ஆன்ட்டிகூட சிரிக்கிறீங்க. உங்க சிரிப்ப மறந்தே போயிட்டேன். நான் ஸ்கூலுக்குக் கிளம்பற முகத்தைப் பத்திச் சொன்னீங்கல்ல. எனக்குத் தெரியாதுமா அது."

எல்லாம் தமிழில். உப்பு மாதிரி இல்லை, சோறு மாதிரி. நீங்களாயிருந்தால் எடுத்திருப்பீர்களா, தெரியாது. நான் பத்து நாள் எடுக்கவில்லை. தினமும் இரண்டு முறை அவள் கைக்குக் கீழே நின்றேன், சொல்லவும் இல்லை.

பதினோராம் நாள் மனிதவள அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏஜென்சி அதிகாரியும் இருந்தார். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள்.

"மேடம், கோட்டுக்குள்ள ரெக்கார்ட் பண்ணது தப்புதான். ஆனா கேமரா மூடியிருந்தது, படம் எதுவும் போகல. நீங்க வெளிநாட்டுக்காரங்க, டிரெய்னர். வீடியோவை எடுத்துடுங்க, இத்தோட விட்டுடலாம்."

"தேவகி?"

"ஸ்டிக்கரை எடுக்காம, ரெஜிஸ்டர்ல குறிக்காம வெளியே விட்டிருக்காங்க. அதுக்கு விளக்கம் கேட்டிருக்கோம்."

ஸ்டூலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவறு செய்த எனக்கு நாற்காலி, மறந்துபோன அவளுக்கு விளக்கம் கேட்டுத் தாள்.

7

ஞாயிறு அவளுக்கு ஓய்வு. அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, எல்லாம் தெரியும் அவளுக்கு.

"நான் கேட்டதே இல்ல அத்த," என்றாள். "ஊரே கேட்டுச்சு. என் நாத்தனா கேட்டுச்சு. நான் கேக்கல. போட்டுக் காட்டு."

என் மாடிக்கு வந்தாள். மூன்றாண்டில் அந்த அறைக்கு வந்த முதல் விருந்தாளி. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வைத்திருந்தேன், இரண்டாவதில் எப்போதும் துணிதான் உட்காரும். துணியை அள்ளிக் கட்டிலில் போட்டேன். அவள் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தால் சின்ன உருவமாக இருந்தாள்.

போனை நடுவில் வைத்து ஓடவிட்டேன். மழை. பிறகு அவள் குரல்.

"என் கொரலு இப்டியா கீது," என்றாள். "ஆம்பள மாதிரி."

ஸ்டூல் வந்தது. மாலை போடுவது வந்தது. அவள் சிரிக்கவில்லை. விலா எலும்பு வந்தபோது தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பஸ் வந்தது, அவள் குரல் முடிந்தது.

"இருக்கட்டும், ஓடட்டும்," என்றாள். "நான் அந்தக் கம்பெனி பஸ்ல ஏறினதே இல்ல. ஏஜென்சி ஆளுங்கள ஏத்த மாட்டாங்க. எப்டிப் போவும்னு பாக்கறேன்."

மேம்பாலம், தார்ப்பாய், ஏரி. என் குரல் எங்கள் இருவர் நடுவில் போய்க்கொண்டே இருந்தது. நீலச் சீருடைகள் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். தேவகி தூங்கியிருந்தாள். தலை சுவரில் சாய்ந்து, இரண்டு கையும் மடியில் மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து. ஆடிட்டுக்கு வந்தவன் சொன்னது சரிதான், உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள்.

நிறுத்தவில்லை. முடியும்வரை ஓடியது. முடிந்த பிறகும் வெகுநேரம் அசையாமல் இருந்தேன், நாற்காலி கிறீச்சிடும் என்று. அவள் கண் விழித்தபோது சுவர் நிழல் இடம் மாறியிருந்தது.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சது."

"எடுத்துடுக்கா. வேலை போனா கரண்ட்டு பில்லு யார் கட்டறது." எழுந்து புடவையைச் சரிசெய்தாள். படி இறங்குமுன் திரும்பினாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

அவள் எதிரிலேயே அழித்தேன். அப்படியும் அந்த வாரமே அவளை ஒரகடத்தில் வேறொரு ஆலை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு ஷேர் ஆட்டோ தூரம். எங்கள் கூண்டில் இப்போது நிற்பவள் ஒரு சொல் பேசுவதில்லை. பிய்த்த ஸ்டிக்கரைக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். தகரச் சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்துவிட்டார்கள்.

சேனலை நிறுத்தவில்லை. இப்போது நானே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் பேசுகிறேன், வீட்டிலிருந்து, என்னைப் பற்றி மட்டும். கேட்கிறார்கள். தூங்கிப்போனேன் என்று எழுதுகிறார்கள், அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம். யாழினி மறுபடி கட்டைவிரலுக்குப் போய்விட்டாள். 'முன்ன மாதிரி இல்லம்மா, தனியா பேசற மாதிரி இருக்கு' என்றாள். தனியாகத்தான் பேசுகிறேன்.

8

இன்று லீவு சொல்லிவிட்டு ஒரகடம் போனேன். ஆடிக்காற்று லாரி மண்ணை முகத்தில் அடித்தது. அந்த ஆலையின் வாசலில் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கூண்டு, கூண்டுக்கு வெளியே தேவகி. இளைத்திருந்தாள்.

"கோட்டத் தாண்டாதக்கா," என்றாள், நேற்றுப் பார்த்தவள் போல. "தாண்டினா போன்ல ஒட்டணும்."

"ஒட்டு."

தாண்டினேன். போனை வாங்கினாள், வட்டத்தை ஒட்டினாள், கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினாள். "இன்னா விஷயம்?"

சொன்னேன். படிவம், கட்டம், பெயர். என்னை இங்கே யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்கள் என்றேன்.

தேவகி கூண்டுப் பக்கம் திரும்பினாள். ஷிப்டுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். தோள், இடுப்பு, கணுக்கால். இரண்டாவது பெண்ணின் இடுப்பில் கை ஒரு கணம் நின்றது. "பசியாறியாச்சா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சாதாரணமாக, "கேன்டீன்ல சாப்டுக்கறேன்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இங்கே எல்லோருக்கும் அது பழகியிருந்தது. நான் மண் விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கொரல போடறதுக்குக் கேக்கல," என்றாள் தேவகி, என்னைப் பார்க்காமல். "பேர போடறதுக்கு ரெண்டு ஆட்டோ மாறி வந்து கேக்கறே."

"ஆமா. கேக்கத்தான் வந்தேன். வேணாம்னா வேணாம்னு சொல்லு."

"போலீஸ் வருமா?"

"போன்ல கேட்கலாம். இந்தப் பொம்பளையைத் தெரியுமான்னு."

"தெரியும்னு சொல்லணும், அவ்ளோதானே." கூண்டுக்குள் போய்ப் பதிவேட்டுப் பேனாவை எடுத்துவந்தாள். நான் அச்செடுத்துக் கொண்டுவந்த படிவத்தை முன்கையில் வைத்து, முகவரியைத் தானே எழுதினாள். தெருப் பெயருக்குக் கீழே 'தண்ணி டேங்க் எதிரில்' என்றும் போட்டாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. "இது இன்னா, உறவுன்னு கேட்டிருக்கு?"

நானும் அந்தக் கட்டத்தை மூன்று நாள் பார்த்தவள்தான்.

"தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கறேன்," என்றாள். எழுதினாள். "இப்போதைக்கு அது போதும்."

போனை வாங்கி, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் மெதுவாகப் பிய்த்தாள். வெளிச்சத்தில் கேமராக் கண்ணைச் சாய்த்துப் பார்த்து, முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். பதிவேட்டில் கோடு போட்டாள், என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். பிறகு திரும்பி, கூண்டின் தகரத்தில், எட்டு மாதத்தில் பாதிச் சுவரை எட்டியிருந்த சிவப்பு வரிசையின் கடைசியில் என்னுடையதை ஒட்டினாள்.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நகந்துக்கோக்கா," என்றாள். "பின்னால லைன் நிக்குது."